விசா வாங்கியாச்சு, அப்புறம்? குறுகிய சுற்றுலாவுக்குப் பின்னால் இருக்கும் நுழைவு விதிகள்

விமான நிலையத்தின் செக்-இன் வரிசையில் ஒருமுறை எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். டிக்கெட் இருந்தது, ஹோட்டல் முன்பதிவு இருந்தது. அவர்கள் போகிற நாட்டுக்கு அவர்களுக்கு விசாவே தேவையில்லை. ஆனால் மனைவியின் பாஸ்போர்ட் காலாவதியாக ஐந்து மாதம்தான் மீதி. அந்த நாடு கேட்பது ஆறு மாதம். "நான் ஏற்றி அனுப்பினாலும் அங்கே உள்ளே விடமாட்டார்கள் மேடம்" என்று கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் இருவரும் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நின்றார்கள். அந்த அம்மாவின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. பாஸ்போர்ட்டை இரண்டு மாதம் முன்னால் திறந்து அந்த ஒரு தேதியைப் பார்த்திருந்தால் போதும்.

வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் எல்லோருடைய கவலையும் விசாவிலேயே போய் நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு பயணியை மூன்று இடங்களில் சோதிக்கிறார்கள்: தூதரகம், விமான நிறுவனத்தின் கவுன்டர், போய் இறங்கும் இடத்தின் இமிகிரேஷன் மேசை. மூன்று இடத்திலும் நீட்டுவது கிட்டத்தட்ட ஒரே காகிதங்களைத்தான். பார்ப்பவர்களின் பயம்தான் வேறு வேறு. இவர் திரும்பிப் போவாரா என்பது தூதரகத்தின் பயம். இவரை ஏற்றிக்கொண்டு போனால் நமக்கு அபராதம் விழுமா என்பது விமான நிறுவனத்தின் பயம். இவர் சொன்னதும் இப்போது செய்யப்போவதும் ஒன்றுதானா என்பது எல்லை அதிகாரியின் சந்தேகம். யாருக்கு என்ன பயம் என்று தெரிந்துவிட்டால், எந்தக் காகிதத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

அனுமதி எந்த வடிவில் வருகிறது என்பதை முதலில் வேகமாகப் பார்த்துவிடலாம். சில நாடுகளுக்கு விசாவே வேண்டாம். சில நாடுகளில் இறங்கியதும் கவுன்டரில் விசா கொடுப்பார்கள். சில நாடுகள் இணையத்திலேயே இ-விசா தருகின்றன. இவற்றுக்கு நடுவே, விசா தேவையில்லாதவர்களும் புறப்படுவதற்கு முன் இணையத்தில் பதிவு செய்து வாங்கவேண்டிய மின்னணுப் பயண அனுமதி என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியா இதை 1996-லேயே தொடங்கியது. அமெரிக்காவின் எஸ்டா 2009 ஜனவரியில் கட்டாயமானது. கனடாவும் பிரிட்டனும் பின்னால் வந்து சேர்ந்தன. ஐரோப்பாவும் எட்டியாஸ் என்ற பெயரில் ஒன்றைத் தயார் செய்துவருகிறது. ஆகவே "விசா தேவையில்லை" என்று எங்காவது படித்தால் அத்தோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். விசா வேண்டாம் என்பதற்கு, எதுவுமே வேண்டாம் என்று அர்த்தம் கிடையாது. இன்னொன்று: இந்த விதிகள் எல்லாம் பாஸ்போர்ட்டைப் பொறுத்தவை. நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள், கூட வருகிறவருக்கு என்ன விதி என்பதை வைத்து உங்கள் விதியை முடிவு செய்ய முடியாது. ஒரே குடும்பத்தில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தூதரகம் தேடும் பதில்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு உண்டு. விசா கேட்டு வருபவரை, அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வருபவராகத்தான் முதலில் கருத வேண்டும் என்கிறது அது. அப்படி இல்லை என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவைப்பது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. அமெரிக்கா இதைச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. மற்ற நாடுகளும் ஏறக்குறைய இதே மனநிலையில்தான் விண்ணப்பங்களைப் பார்க்கின்றன. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு ஷெங்கன் என்று பெயர். ஷெங்கன் நாடுகள் விசா மறுக்கும்போது ஒரு பொதுப் படிவம் தருவார்கள். அதில் அச்சிட்டிருக்கும் காரணங்களுக்கு எதிரே டிக் அடித்திருக்கும். விசா முடிவதற்குள் நீங்கள் வெளியேறுவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது அந்தக் காரணங்களில் ஒன்று.

இதை மனதில் வைத்துக்கொண்டு அவர்கள் கேட்கும் ஆவணங்களைப் பாருங்கள். வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, குடும்ப விவரம், திரும்பி வரும் டிக்கெட். எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும்: எனக்குத் திரும்பிவர ஒரு வாழ்க்கை இருக்கிறது, இந்தப் பயணத்துக்குச் செலவழிக்க என் பணம் இருக்கிறது. பலர் செய்யும் தவறு, விண்ணப்பிக்கும் வாரத்தில் யாரிடமாவது கடன் வாங்கி ஒரு பெரிய தொகையைக் கணக்கில் போடுவது. அதிகாரி கடைசி இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று மாதமோ ஆறு மாதமோ பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதையும் பார்க்கிறார். மாதா மாதம் சம்பளம் வந்து, வாடகை போய், கொஞ்சம் மிஞ்சும் கணக்கு எளிமையானதாக இருந்தாலும் நம்பும்படி இருக்கும். எங்கிருந்தோ திடீரென்று வந்து விழுந்த தொகை, இருந்த நம்பிக்கையையும் கெடுத்துவிடும். நிஜமாகவே பெரிய தொகை வந்திருந்தால், நிலம் விற்றது என்றோ வைப்புத்தொகை முதிர்ந்தது என்றோ அதற்கான காகிதத்தைக் கூடவே வையுங்கள்.

இன்னொரு பயம்: விசா கிடைக்குமா என்று தெரியாமல் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதா? ஷெங்கன் விண்ணப்பத்துக்குத் தேவை பயணத்தின் முன்பதிவுதான், பணம் கட்டி முடித்த டிக்கெட் இல்லை. பணம் திரும்பக் கிடைக்கும்படியான முன்பதிவைச் செய்துகொள்ளலாம். ஆனால் யாரோ கணினியில் தட்டிக்கொடுக்கும் போலி முன்பதிவை வாங்கி இணைக்காதீர்கள். அதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். மாட்டினால் போவது இந்த ஒரு பயணம் மட்டும் இல்லை. பொய்யான ஆவணம் கொடுத்தது உறுதியானால் பிரிட்டன் 10 ஆண்டுவரை விண்ணப்பங்களை மறுக்கலாம். முக்கியமான உண்மையைத் திரித்து விசா பெற முயன்றால் அமெரிக்காவில் ஆயுள் முழுக்க நுழைவுத் தடை வரலாம்.

"இதற்கு முன் எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா?" என்ற கேள்விக்கும் இது பொருந்தும். மறுப்பு ஒரு குற்றம் கிடையாது. ஒரு முறை மறுக்கப்பட்டு, குறையைச் சரிசெய்து, அடுத்த முறை விசா வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். அதை மறைப்பதுதான் ஆபத்து. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடியேற்றத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான விசாத் தகவல் தொகுப்பே இருக்கிறது.

எந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்ற குழப்பம் ஐரோப்பா போகிறவர்களுக்கு எப்போதும் உண்டு. விதி நேரடியானது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அங்கே. எல்லா நாட்டிலும் சமமான நாட்கள் என்றால், முதலில் நுழையும் நாட்டில். அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு அந்த நாட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் வருவது, அடுத்த விண்ணப்பத்தில் கேள்வியாக வந்து நிற்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்குச் சாதாரணமாக 15 நாள் அவகாசம், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். எனவே 15 நாள் வரம்பை நம்பி உட்காரவேண்டாம்.

ஸ்டிக்கரை எப்படிப் படிப்பது

விசா கிடைத்ததும் எல்லோரும் முதலில் போட்டோவைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது நான்கு இடங்களை: எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். மே 1 முதல் மே 10 வரை பத்து நாள் பயணம் என்று விண்ணப்பிக்கிறீர்கள். ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா வருகிறது. அதில் மே 1 முதல் மே 25 வரை என்று போட்டிருக்கும். உடனே "கூடுதலாகப் பதினைந்து நாள் கொடுத்துவிட்டார்கள்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அதே ஸ்டிக்கரில், தங்கும் நாட்கள் என்ற இடத்தில் 10 என்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பதினைந்து நாள், பயணம் தள்ளிப்போனால் சமாளிக்கக் கொடுக்கும் சலுகைக் காலம். மே 12-ல் போய் மே 21-ல் திரும்பலாம், தவறில்லை. ஆனால் மே 1-ல் நுழைந்து மே 14 வரை இருந்தால் நான்கு நாள் சட்டவிரோதமாகத் தங்கியதாகிவிடும். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே முழு நாட்களாக எண்ணப்படும். இரவு 11.50-க்கு எல்லையைக் கடந்தாலும் அது ஒரு நாள்தான்.

நுழைவு எண்ணிக்கை இன்னொரு கண்ணி. ஒருமுறை மட்டும் என்றால், ஷெங்கன் பகுதியை விட்டு ஒருமுறை வெளியே வந்ததும் அந்த விசா முடிந்தது. பாரிஸிலிருந்து லண்டன் போய்விட்டு மறுபடி ரோம் போகத் திட்டமிட்டால், பிரிட்டன் விசா தனியாக வேண்டும், ஷெங்கன் விசாவும் இரண்டு முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலையில் இருக்கும் குட்டி நாடான அன்டோரா ஷெங்கனில் இல்லை. அங்கே விமான நிலையமும் இல்லை. ஒரு பகல் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குக்கூடப் பலமுறை நுழையும் விசா இருப்பது நல்லது. சீனாவிலும் இதே கதை. ஹாங்காங்கும் மக்காவும் தனி எல்லைக் கட்டுப்பாட்டில் இருப்பவை. ஷென்ஜென் நகரிலிருந்து ஹாங்காங்குக்கு ரயிலில் போனாலே சீனாவை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற 90/180 விதி. ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. "எந்த" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. காலண்டரில் ஆறு மாதம் முடிந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் மகள் வீட்டில் மே 1 முதல் ஜூன் 29 வரை 60 நாள் இருந்துவிட்டு வருகிறார். மறுபடி செப்டம்பர் 1-ல் போய் 45 நாள் இருக்க ஆசை. செப்டம்பர் 30-ஆம் தேதி நின்று பின்னோக்கி 180 நாள் எண்ணினால், மே, ஜூன் மாதங்களின் 60 நாளும் அதற்குள் வந்துவிடுகின்றன. செப்டம்பரின் 30 நாளையும் சேர்த்தால் சரியாக 90. அக்டோபர் 1 காலையில் அவர் விதியை மீறியவர். மே 1 அந்த 180 நாள் கணக்கிலிருந்து நீங்குவது அக்டோபர் 28-ல்தான். முன்பெல்லாம் அதிகாரி முத்திரைகளைப் புரட்டி விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பா படிப்படியாகக் கொண்டுவந்த நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையில் முகமும் விரல் ரேகையும் பதிவாகி, கணினியே எண்ணிவிடுகிறது. ஒரு நாள் கூடினாலும் திரையில் தெரியும்.

அமெரிக்க விசாவில் குழப்பம் வேறு மாதிரி. பத்து வருட விசா கையில் இருக்கும். அந்தப் பத்து வருடம், எப்போது வரை போய் வாசலில் நிற்கலாம் என்பதற்கான காலம். ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை எல்லை அதிகாரி அன்றன்றைக்கு முடிவு செய்து ஐ-94 என்ற பதிவில் குறிக்கிறார். அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால் கையில் இருக்கும் பத்து வருட விசாவே செல்லாமல் போய்விடும். சட்டவிரோதமாகத் தங்கியது 180 நாளைத் தாண்டினால் மூன்று ஆண்டுத் தடை, ஒரு வருடத்தை எட்டினால் பத்து ஆண்டுத் தடை. இறங்கிய அன்றே இணையத்தில் ஐ-94 தேதியைப் பார்த்து போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்டரில் நிற்கும் இரண்டாவது காவல்

விமான நிறுவனத்துக்கு எதற்கு இந்த வேலை என்று கோபம் வரும். காரணம் பணம். சரியான ஆவணம் இல்லாத ஒருவரைக் கொண்டுபோய் இறக்கினால், அந்த நாடு விமான நிறுவனத்துக்கு அபராதம் போடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது ஒரு பயணிக்கு 3,000, 5,000 யூரோ என்ற அளவில் இருக்கிறது. போதாததற்கு, அந்தப் பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான். அதனால் கவுன்டரில் இருப்பவர் டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பில் உங்கள் பாஸ்போர்ட், போகும் நாடு, மாறும் விமான நிலையம் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கிறார். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் தொகுப்பு அது. அதில் சிவப்பு வந்தால், நீங்கள் எவ்வளவு வாதாடினாலும் அவரால் ஏற்ற முடியாது. பல விமான நிறுவனங்கள் அதே தொகுப்பைத் தங்கள் இணையதளத்தில் பயணிகளும் பார்க்க வைத்திருக்கின்றன. டிக்கெட் எடுக்கும் முன்பே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இங்கேதான் பாஸ்போர்ட்டின் ஆறு மாத விதி பிடிக்கும். பயணம் ஏதோ காரணத்தால் நீண்டால், காலாவதியான பாஸ்போர்ட்டோடு ஒருவர் போன நாட்டில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதே அந்த விதியின் நோக்கம். எல்லா நாடும் ஆறு மாதம் கேட்பதில்லை. ஷெங்கன் கேட்பது, வெளியேறும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம். கூடவே, பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். விசா ஒட்ட இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும். நாட்டுக்கு நாடு மாறும் இந்தக் கணக்குகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு வருடத்துக்குக் குறைவாகக் காலம் இருந்தால் முதலில் புதுப்பித்துவிடுவது நிம்மதி.

பெயரும் இங்கேதான் பிரச்சினையாகும். பாஸ்போர்ட்டின் போட்டோப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 எழுத்து. கருவி படிப்பது அந்த வரிகளைத்தான். அதில் குடும்பப் பெயர் முதலில், பிறகு கொடுத்த பெயர், மிச்ச இடமெல்லாம் அம்புக்குறிகள். டிக்கெட்டில் பெயர் அதன்படி இருக்க வேண்டும். முதலெழுத்தைச் சுருக்கிப் போடுவது, வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுவது, திருமணத்துக்குப் பின் மாற்றிய பெயரைப் பழைய பாஸ்போர்ட்டோடு பயன்படுத்துவது எல்லாம் வம்பு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் பெயரைப் போடுங்கள்.

ட்ரான்சிட் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். விமானம் மாறத்தானே போகிறோம், அதற்கு எதற்கு விசா என்று தோன்றும். அமெரிக்கா வழியாகப் போனால், வேறு நாட்டுக்குப் போகிற பயணியும் அங்கே இமிகிரேஷனைக் கடந்தாக வேண்டும். விசாவோ எஸ்டாவோ இல்லாமல் முடியாது. ஷெங்கன் நாடுகளில் விமான நிலையத்துக்கு உள்ளேயே விமானம் மாறுவதற்கும் சில நாட்டவருக்கு ட்ரான்சிட் விசா தேவை. எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான அந்தப் பட்டியலில் இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் உட்பட 12 நாடுகள் உள்ளன. சில நாடுகள் தாமாகவும் கூடுதல் பெயர்களைச் சேர்த்திருக்கின்றன. இதைவிடப் பெரிய சிக்கல், விலை குறைவு என்பதற்காக இரண்டு தனித்தனி டிக்கெட் எடுப்பது. பல நேரம் பெட்டியை நடுவழியில் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு அந்த நாட்டின் விசா வேண்டும். டிக்கெட்டில் மிச்சப்படுத்திய பணம் அங்கேயே போய்விடும், பயணமும் சேர்ந்து போகலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் இப்படி நடுவழியில் வந்து மறிக்கும். அந்த நோய்ப் பரவல் அபாயம் உள்ள நாட்டிலிருந்து வந்தால் பல நாடுகள் சான்றிதழ் கேட்கின்றன. அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்களிடமும் சில நாடுகள் கேட்கும். ஊசி போட்டு 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், பழைய பத்து வருட வரம்பு இப்போது இல்லை.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது இணைய வருகைப் படிவம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை நிரப்பச் சொல்கின்றன. மலேசியாவில் 2024 ஜனவரியிலிருந்தும் தாய்லாந்தில் 2025 மே மாதத்திலிருந்தும் நடைமுறையில் இருக்கிறது. மூன்றுமே இலவசம். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி இதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்கின்றன. பணம் போவதோடு உங்கள் பாஸ்போர்ட் எண்ணும் போட்டோவும் யாரிடமோ போய்ச் சேர்கிறது. முகவரியில் அந்த நாட்டு அரசின் முடிவெழுத்துகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் நிரப்புங்கள்.

மேசைக்கு முன்னால்

விசா இருந்தாலும் உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் முடிவு. அவர் கேட்பது சின்னச் சின்னக் கேள்விகள்: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். விண்ணப்பத்தில் எழுதியதையே இங்கும் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஹோட்டல் முகவரி, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் காகிதத்தில் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்துபோகும், அந்த இடத்தில் இணையமும் கிடைக்காமல் போகலாம். ஷெங்கன் விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. சுற்றுலா விசாவில் வந்துவிட்டு, தோழியின் கடையில் கொஞ்சம் உதவப் போகிறேன் என்று வெள்ளந்தியாகச் சொன்னால்கூட அது வேலை என்றுதான் பதிவாகும். மடிக்கணினியில் சொந்த நாட்டு அலுவலக வேலையைப் பார்ப்பது பற்றி நாட்டுக்கு நாடு விதி வேறு. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் சுற்றுலா விசாவிலேயே அதை அனுமதிக்கிறது. எல்லா நாடும் அப்படி இல்லை.

குழந்தையை அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் அழைத்துப் போனால், மற்றவரின் சம்மதக் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழையும் கூடவே வைத்திருங்கள். குழந்தைக் கடத்தலைத் தடுக்கத்தான் கேட்கிறார்கள், அதில் மனம் நோக ஒன்றுமில்லை.

கடைசியாக, ஊர் திரும்பியதும் எல்லோரும் குப்பையில் போடும் ஒரு காகிதம்: போர்டிங் பாஸ். அமெரிக்காவிலிருந்து விமானத்தில் கிளம்பும்போது முத்திரை குத்த இமிகிரேஷன் மேசையே கிடையாது. பெரும்பாலும் விமான நிறுவனம் அனுப்பும் பயணிகள் பட்டியலை வைத்தே நீங்கள் வெளியேறியது பதிவாகிறது. அந்தப் பதிவு விடுபட்டால், அவர்கள் கணக்கில் நீங்கள் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள். அப்போது நீங்கள் கிளம்பியதைக் காட்ட உதவுவது அந்தத் துண்டுச் சீட்டும், ஊர் திரும்பியபோது பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையும்தான். இரண்டையும் ஒரு போட்டோ எடுத்து, விசாப் பக்கத்தின் நகலோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.